பிரஸ் மோட்டாரைத் தூக்கியவன்

மத்தூர்
10.11.2024

மாமாவுக்கு மாதேஸ்வரி எழுதுவது.

நான் இங்கே நல்லபடியாக இருக்கிறேன். உங்களுக்கு அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, தூக்கம் பிடிக்கிறதா என்பதுதான் தினமும் நினைப்பு. உங்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து இருபத்து நாலு நாள் ஆகிறது. தொண்ணூறு நாளைக்கு ஃபோன் கிடையாது, கடிதம் மட்டும்தான், அதையும் ஆலோசகர் அருணா மேடம் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார் என்று மறுவாழ்வு மையத்தில் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது அதுவே நல்லது என்று தோன்றுகிறது. ஃபோனில் பேசினால் நாம் சண்டைதான் போட்டிருப்போம்.

பட்டறையை வெள்ளிக்கிழமைதோறும் திறந்து கூட்டி, விளக்கேற்றி, லேத் மிஷின் பெட்டில் எண்ணெய் தடவிவிட்டு வருகிறேன். ஜூலையில் நின்ற வேலை நின்றபடிதான் இருக்கிறது. ஓசூரிலிருந்து வாஷர் கம்பெனிக்காரர் ஃபோன் செய்தார். பொங்கல் கழிந்து மிஷின் ஓடினால் பழைய ஆர்டரை நமக்கே தருவார்களாம், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம். ஓடும் என்று சொல்லிவிட்டேன். பிள்ளையா குட்டியா, நமக்கென்று இருப்பது இந்த ஒன்றுதானே.

சந்தையில் மாரம்மாவைப் பார்த்தேன். நம்மிடம் வாஷர் அடிக்கும் பிரஸ் மிஷின் ஓட்டிய நல்லுசாமியின் பெண்டாட்டிதான். என்னைக் கண்டதும் கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

மாத்திரைகளை வேளைக்குச் சாப்பிடுங்கள். குளிர் ஆரம்பித்துவிட்டது, காதை மூடிக்கொண்டு படுங்கள்.

மாதேஸ்வரி

*

மரக்காணம் அருகில்
18.11.2024

மாதேஸ்வரிக்கு, குருமூர்த்தி எழுதுகிறேன்.

உடம்பு தேறி வருகிறது. கை நடுக்கம் குறைந்திருக்கிறது, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். இங்கிருந்து கடல் இரண்டு கிலோமீட்டர். விடிகாலையில் நடக்கக் கூட்டிப்போகிறார்கள். உனக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது?

லேத் பெட்டில் தேங்காய் எண்ணெய் தடவாதே. அலமாரியில் கிரீஸ் டப்பா இருக்கிறது. மெலிதாகப் பூசு. சக் சாவியை அதன் இடத்திலேயே மாட்டி வை.

சந்தையில் யாரைப் பார்த்தாய், யார் எங்கே போனார்கள் என்பதெல்லாம் எழுத வேண்டாம். படித்த அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அருணா மேடம் ஒரு நோட்டுக் கொடுத்து, குடியால் நாம் யாருக்கெல்லாம் கெடுதல் செய்தோமோ அவர்கள் பெயரை எழுதச் சொன்னார். உன் பெயரை எழுதினேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கீழே ஒரு வரி விட்டு வைக்கச் சொன்னார். விட்டு வைத்திருக்கிறேன்.

வீட்டில் தனியாக இருக்கிறாய். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு படு. மற்றபடி இங்கே குறையில்லை.

குருமூர்த்தி

*

மத்தூர்
26.11.2024

மாமாவுக்கு,

நீங்கள் நடையெல்லாம் போகிறீர்கள் என்று படித்ததில் மனப்பாரம் கொஞ்சம் இறங்கியது. முட்டி வலி இருக்கிறது, மழைக்கு அது அப்படித்தான்.

இந்தக் கடிதத்தை அவசரத்தில் எழுதுகிறேன். கடலில் ஒரு புயல் உருவாகியிருக்கிறதாம். டிவியில் உங்கள் பக்கத்துக் கடற்கரையைத்தான் காட்டுகிறார்கள். நீங்கள் பத்திரமாக இருங்கள், நடைக்குப் போக வேண்டாம்.

ஆனால் எனக்குப் பயம் இங்கேதான். கரையேறிய பிறகு அது மேற்கே நம் மாவட்டத்துக்கு வந்து மழையாகக் கொட்டும் என்கிறார்கள். கிரேன் வைத்திருக்கும் வெங்கடப்பனிடம் சொன்னேன். சிரிக்கிறார். "ஏமீ காதும்மா, ஒண்ணும் ஆவாது. கடல் எங்க, மத்தூர் எங்க?" என்கிறார். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஏரியைப் போய்ப் பார்த்தேன். நிரம்பி வழிந்து கோடி போக இன்னும் ஒரு முழம்தான் பாக்கி. கோடி போனால் தண்ணீர் வருவது நம் பட்டறைக்குப் பின்னால் ஓடும் ஓடையில்தான். புது ரோடு போட்டபோது அதன் குறுக்கே இரண்டே குழாயை வைத்து மூடிவிட்டார்கள். ஒரு மரம் வந்து அடைத்தால் போதும், அவ்வளவு தண்ணீரும் நம் ஷெட்டுக்குள்தான்.

லேத், பிரஸ், டிரில் மூன்றும் தரையில் நிற்கின்றன. எதை முதலில் கழற்றுவது? எதைத் தூக்கலாம், எதைத் தூக்க முடியாது? நான் ஒருத்தியாக என்ன செய்வது? விரைவுத் தபாலில் பதில் போடுங்கள். மேடம், நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் இந்த ஒரு முறை மட்டும் அவரை ஃபோனில் பேச விடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதேஸ்வரி

*

மரக்காணம் அருகில்
27.11.2024

மாதேஸ்வரிக்கு,

உன் கடிதம் இந்த வாரம் வரவில்லை. சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். காற்று ஒரு மாதிரி இருக்கிறது. கடலோரத்துக் குப்பத்தில் படகுகளை மேட்டுக்கு இழுத்துவிட்டார்கள்.

டிவியில் புயல் என்கிறார்கள். ஓடையை நினைத்தால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் சொல்வதை அப்படியே செய்.

முதலில் மெயினை நிறுத்தி ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிவிடு. லேத் மோட்டார் கீழே காலுக்குள் இருக்கிறது, நாலு போல்ட்டுதான். அதைக் கழற்றி மேலே ஏற்று. பேனல் போர்டைக் கழற்றிப் பரண் மேல் வை. மைக்ரோமீட்டர், வெர்னியர், டிரில் பிட், டாப் செட் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசி டிரம்மில் போட்டு மூடு. லேத் பெட்டில் கிரீஸைக் கெட்டியாக அப்பி, தார்ப்பாயைச் சுற்றிக் கட்டு.

பிரஸ்ஸை விட்டுவிடு. அதைத் தொடாதே. தண்ணீர் கொண்டுபோனால் போகட்டும். அதன் முகத்தில் இனி நான் விழிக்க வேண்டாம்.

ஆளுக்கு சாஜித்தைக் கேள், வெங்கடப்பனைக் கேள், யாரை வேண்டுமானாலும் கேள். அந்த ஆளிடம் மட்டும் போய் நிற்காதே.

இது சனிக்கிழமைக்குள் உன் கைக்குக் கிடைக்க வேண்டும். மேடத்திடம் ஃபோன் கேட்டேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நீ பயப்படாதே. தண்ணீர் வந்தால் மிஷினைப் பார்க்காதே, வெளியே ஓடிவிடு.

குருமூர்த்தி

*

மத்தூர்
30.11.2024, காலை

மாமாவுக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றே தெரியவில்லை. இன்றைக்கு உங்கள் பக்கம்தான் புயல் கரையேறும் என்கிறார்கள். மையத்துக்கு ஃபோன் போகவில்லை. உங்கள் பதிலும் வரவில்லை.

வெங்கடப்பன் கிரேனை எடுத்துக்கொண்டு ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார், திங்கட்கிழமைதான் வருவாராம். பக்கத்து இரும்புக்கடை சாஜித் தன்னுடைய பாரம் தூக்கும் செயின் பிளாக்கைக் கொடுத்தான். "எனக்கு இதை வெச்சு மூட்டை தூக்கத்தான் தெரியும் அக்கா. மிஷின் தூக்கி எதுனா ஒடைஞ்சா என்னால பதில் சொல்ல முடியாது" என்றான். அவன் கடைச் சாமான்களை ஏற்றவே அவனுக்கு நேரம் போதாது.

நானாகவே லேத் மோட்டார் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு சுற்றின. இரண்டு அசையவில்லை.

ஏரி இன்று விடிகாலை கோடி போய்விட்டது. எட்டு மணி பஸ்ஸில் போய் ஒருவரிடம் உதவி கேட்கப் போகிறேன். பஸ் ஸ்டாண்டுப் பெட்டியில் இதைப் போடுகிறேன். இது எப்போது உங்களிடம் வருமோ.

எங்கே இருந்தாலும் நனையாமல் இருங்கள்.

மாதேஸ்வரி

*

மத்தூர்
4.12.2024

மாமாவுக்கு,

நீங்கள் உயிரோடு சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். நான் இருக்கிறேன். வீட்டுக்கு ஒன்றுமில்லை, அது மேட்டில்தானே.

பட்டறைக்குள் நெஞ்சளவு தண்ணீர் நின்றது. நேற்றுத்தான் வடிந்தது. தரையெல்லாம் கணுக்கால் வரை சேறு. பின்சுவர் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. சாஜித் கடையில் பாதிச் சாமான் ஓடையோடு போய்விட்டது, பாவம். டிவியில் கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்தப் பக்கம் ஆறு. இந்தப் பக்கம் எங்களுக்கு ஏரியே ஆறாக வந்தது.

ஆனால் மிஷின்கள் தப்பித்தன மாமா. சனிக்கிழமை பகல் முழுக்கவும் ஞாயிறு மதியம் வரையும் வேலை நடந்தது. லேத் மோட்டாரும் டிரில் மோட்டாரும் மேலே ஏறிவிட்டன. ஷெட்டின் நடு உத்திரத்தில் செயின் பிளாக்கைப் போடவில்லை, அது தாங்காதாம். ஓரத்தில் இரட்டைக் கம்பம் இருக்கிறதே, அங்கே போட்டோம். பெட்டுக்குக் கிரீஸ் போட்டுத் தார்ப்பாய் கட்டினோம். லேத் கியர் பாக்ஸில் விளிம்புவரை எண்ணெயை ஊற்றி நிரப்பி, மூச்சுத் துளையை மெழுகு வைத்து அடைத்தோம். உள்ளே காலியிடம் இருந்தால்தானே தண்ணீர் போகும். இன்றைக்குத் திறந்து பார்த்தேன். எண்ணெய் எண்ணெயாகவே இருக்கிறது.

பிரஸ் மோட்டாரும் தப்பித்தது. கடைசியாக அதைத் தூக்கும்போது தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. இன்னும் சங்கிலியிலேயே தொங்குகிறது.

ஆள் வைத்துத்தான் செய்தேன். அதற்கு மேல் இப்போது எழுதத் தெம்பில்லை. இடது தோள்பட்டை வீங்கியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. நீங்கள் சுகம் என்று ஒரு வரி போட்டால் போதும்.

மாதேஸ்வரி

*

திண்டிவனம்
11.12.2024

மாதேஸ்வரிக்கு,

நான் சுகம். இந்த வரியை முதலில் எழுதிவிட்டேன். மையத்தின் கூரை பறந்துவிட்டது. எங்களையெல்லாம் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள், இப்போது திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருக்கிறோம். எதிரிலேயே பிராந்திக் கடை. போகவில்லை. நம்ப வேண்டுமானால் நம்பு. உன் தோள்பட்டையை டாக்டரிடம் காட்டினாயா?

உன்னுடைய மூன்று கடிதமும் நேற்று ஒன்றாகக் கையில் கிடைத்தன. நான் 27ஆம் தேதி எழுதியது உனக்கு எப்போது வந்தது? வந்ததா?

மண்டபத்துப் படியில் உட்கார்ந்து உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நடு உத்திரம் தாங்காது என்று உனக்குச் சொன்னது யார்? ஷெட் போட்டபோது அந்த வெல்டிங் சரியில்லை என்பது எனக்குத் தெரியும், என்னோடு ஏணியில் நின்றவனுக்குத் தெரியும். கியர் பாக்ஸை எண்ணெயால் நிரப்பி அடைப்பது எனக்கே தோன்றியிருக்காது. மத்தூரில் அப்படி யோசிக்கிறவன் ஒருவன்தான்.

யார் வந்தது என்று எழுது. நீ எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுது.

அவன் என்ன கேட்டான்?

உடம்பைப் பார்த்துக்கொள். சுவர் ஓரம் போகாதே, மிச்சமும் விழும்.

குருமூர்த்தி

*

மத்தூர்
16.12.2024

மாமாவுக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்த பிறகுதான் இரண்டு வாய் சோறு இறங்கியது. தோள்பட்டையைக் காட்டினேன். சவ்வு விலகியிருக்கிறதாம், கட்டுப் போட்டிருக்கிறார்கள். உங்கள் 27ஆம் தேதிக் கடிதம் 6ஆம் தேதிதான் வந்தது. அந்த ஆளிடம் போய் நிற்காதே என்று எழுதியிருந்தீர்கள். நான் ஏற்கெனவே போய் நின்றுவிட்டேன்.

நல்லுசாமிதான் வந்தான். எல்லாவற்றையும் சொல்கிறேன். மேடம் இதைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்தால், கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நாகரசம்பட்டியில் இறங்கி அவன் வீட்டைக் கேட்டுப் போனேன். ஒரு மாந்தோப்புக்குள்ளேயே குடியிருந்து காவல் காக்கிறான். ஓசூரில் ஏழெட்டுக் கம்பெனி ஏறி இறங்கினானாம். பிரஸ்ஸில் பார்க்காமல் கையை விட்டவன் என்று பேராகிவிட்டது. எவன் வேலை கொடுப்பான்? தோப்பு வாசலில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றான்.

"எதுக்கோசரம் வந்தீங்க அண்ணி?" என்றான்.

"புயல் வருது நல்லுசாமி. மிஷினெல்லாம் தரையில கெடக்குது. எனக்கு வேற ஆள் தெரியல."

மாரம்மா உள்ளிருந்து வந்தாள். "எங்க ஆளு கையைத் தின்ன மிஷினு. அதைத் தூக்கி வெக்கறதுக்கும் எங்க ஆளேதான் வேணுமா?" என்று கேட்டாள். திரும்பி நடக்கலாம் என்று குடையை விரித்தேன்.

நல்லுசாமி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "கியர் பாக்ஸ்ல ஆயில் எவ்ளோ கீது?" என்றான்.

இரண்டு நாளும் வேலையைத் தவிர வேறு பேச்சில்லை. சாப்பாடு போட்டால் வெளியே எடுத்துப்போய்ச் சாப்பிட்டான். வலது கையில் மூன்று விரல்தான் இருக்கிறது. ஸ்பேனரைப் பிடிக்கிறான், ஆனால் சங்கிலி நனைந்தால் வழுக்குகிறது. அதனால் இழுப்பது நான், சொல்வது அவன்.

ஞாயிறு பத்து மணிக்கு ஓடைத் தண்ணீர் சிவப்பாக வந்தது. மதியம் ரோட்டுக் குழாயில் ஒரு புளியமரம் வந்து மாட்டியது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வாசற்படியைத் தாண்டிவிட்டது. பிரஸ் மட்டும்தான் பாக்கி. நீங்கள் எழுதியதையேதான் நானும் சொன்னேன், உங்கள் கடிதத்தைப் பார்க்காமலே. "அதை வுட்டுடு நல்லுசாமி. போனாப் போவுது."

அவன் பின்பக்கம் போய் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டான். "மிஷின் என்னா அண்ணி பண்ணுச்சு? பெடலை மிதிச்சாத்தான அது எறங்கும்?" என்றான்.

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். எனக்குச் சங்கிலி கையிலிருந்து நழுவியது. மோட்டார் ஒரு முழம் இறங்கிவிட்டது. அவன் தோளைக் கொடுத்துத் தாங்கினான். "இழுங்க அண்ணி, வுடாதீங்க, இழுங்க" என்று கத்தினான். அப்போதுதான் என் தோள்பட்டை போனது.

மாமா, நாம் இருவரும் ஐந்து மாதமாகப் பேசாததை இப்போது எழுதுகிறேன். ஜூலை 22 அன்று நான் சாப்பாட்டுக் கேரியரோடு வாசலில் நின்றேன். அவன் பிரஸ்ஸுக்குள் கையை விட்டு டை அச்சைப் பொருத்திக்கொண்டிருந்தான். மோட்டாரைப் போட்டது நீங்கள். தள்ளாடிக்கொண்டு வந்து பெடலை மிதித்தது உங்கள் கால். நான் பார்த்தேன். அவனே மிதித்துக்கொண்டான் என்று நீங்கள் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தீர்கள். பார்த்தீர்களா என்று என்னைக் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லி அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். நீங்கள் மிதித்தது போதையில். நான் கையெழுத்துப் போட்டது முழு நினைவோடு.

அவன் என்ன கேட்டான் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. மோட்டாரைக் கட்டிவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் என் கையைப் பிடித்து ரோட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பஸ் இல்லாமல் நடந்தே போனான்.

சாப்பிடுங்கள். தூங்குங்கள். இதைப் படித்துவிட்டு எதிர்க் கடைக்குப் போய்விடாதீர்கள்.

மாதேஸ்வரி

*

மத்தூர்
2.1.2025

மாமாவுக்கு,

பதினேழு நாளாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டு மையத்துக்கு ஃபோன் செய்தேன். அருணா மேடம்தான் எடுத்தார். "இருக்கார். ரெண்டு நாள் சாப்பிடலை. இப்ப சாப்பிடறார். எழுதுங்கன்னா பேப்பரை வாங்கி வெச்சுட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கார்" என்றார். கடைக்குப் போனீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

எழுதியது தப்போ என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள், எழுதாமல் இருந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும் என்று தோன்றும்.

சேற்றை அள்ளிவிட்டேன். சுவருக்குத் தகரம் அடித்திருக்கிறது. போச்சம்பள்ளி எலக்ட்ரீஷியன் வந்து பேனலை மாட்டிவிட்டுப் போனார். மோட்டார்களை இறக்க அவருக்குத் தைரியம் இல்லை. நல்லுசாமி அதற்குப் பிறகு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது? ஓசூர்க்காரர் மறுபடி ஃபோன் செய்தார். இருபதாம் தேதிவரை பார்ப்பாராம்.

உங்களுக்குப் பதினைந்தாம் தேதியோடு தொண்ணூறு நாள் முடிகிறது. கோபமாக இருந்தால் கோபத்தையாவது எழுதுங்கள். இருமல் இருந்ததே, நின்றுவிட்டதா?

மாதேஸ்வரி

*

திண்டிவனம்
6.1.2025

மாதேஸ்வரிக்கு,

இருமல் நின்றுவிட்டது. உன் கட்டைப் பிரித்துவிட்டார்களா?

கடைக்குப் போனேன். உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம். உள்ளே போய் நின்றேன். வாங்கவும் செய்தேன். மூடியைத் திருக மூன்று விரலால் பிடித்துப் பார்த்தேன். நல்லுசாமிக்கு மிஞ்சிய கட்டை விரல், மோதிர விரல், சுண்டு விரல். திருக வரவில்லை. அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன்.

கோபம் இல்லை. நீ பார்த்தாய் என்று எனக்கு முதல் நாளே தெரியும். கேரியர் கீழே விழுந்த சத்தம் கேட்டுத்தான் நான் திரும்பினேன். நீ பார்த்தது தெரிந்தும் உன்னைக் கையெழுத்துப் போட வைத்தேன். அதற்குப் பிறகு நான் குடித்ததெல்லாம் வலிக்காகக் குடித்தேன் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். வலி யாருடையது என்று மேடம் கேட்டார்.

நோட்டில் காலியாக இருந்த வரியில் நல்லுசாமி என்று எழுதிவிட்டேன்.

இதோடு தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். 22.7.2024 அன்று மோட்டாரை ஓடவிட்டதும் பெடலை மிதித்ததும் நான்தான், குடித்திருந்தேன், நல்லுசாமி மேல் எந்தத் தப்பும் இல்லை, ஸ்டேஷனில் நான் எழுதிக் கொடுத்தது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மேடமும் இன்னொருவரும் சாட்சி. உன் பெயரை அதில் சேர்க்கவில்லை. அதை அவனிடம் கொடு. அவன் அதை வைத்து என்ன செய்தாலும் சரி. கேஸ் வரும் என்று மேடம் சொன்னார். வரட்டும்.

அவனிடம் மன்னிப்புக் கேள் என்று உன்னை அனுப்பவில்லை. அதை நான் வந்து கேட்கிறேன்.

உன் தோளைப் பார்த்துக்கொள். பாரம் தூக்காதே.

குருமூர்த்தி

*

மத்தூர்
12.1.2025

மாமாவுக்கு,

கட்டைப் பிரித்துவிட்டார்கள். கை மேலே போகிறது, கொஞ்சம் வலிக்கிறது. நீங்கள் மூடியைத் திறக்காமல் வந்ததைப் படித்து அழுதேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு நாகரசம்பட்டிக்குப் போனேன். போகும் முன் உங்கள் கையெழுத்துக்குக் கீழே நானும் எழுதினேன்: "நானும் பார்த்தேன். பார்த்ததை மாற்றிச் சொன்னேன். மாதேஸ்வரி." என் பெயரைச் சேர்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது உங்கள் நல்ல மனசு. ஆனால் அந்தத் தாள் பாதிதான் உண்மையாக இருந்தது.

நல்லுசாமி வாங்கி மாரம்மாவிடம் கொடுத்தான். அவள்தான் சத்தமாகப் படித்தாள். பாதியில் நின்றுவிட்டாள். அவனைப் பார்த்து, "நீ சொன்னப்ப நான் நம்பலயே. கையையும் வுட்டுட்டு சோறு போட்டவர் மேல பழியும் போடறியான்னு கேட்டனே உன்னை" என்றாள். அவள் மீதியைப் படிக்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. மாமா, அவன் இழந்தது விரல் மட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பிறகு அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஓசூர்ல ஒரு கம்பெனியில டூல் ரூமுக்கு ஆள் கேட்டாங்க. இதைக் காட்டிக் கேக்கறன்" என்றான்.

நம் பட்டறைக்கே வருகிறாயா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வரமாட்டன் அண்ணி. அண்ணன் நிக்கற எடத்துல இனி என்னால மிஷினுக்குள்ள கைய வெக்க முடியாது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆனால் மறுநாள் காலை அவனாகவே வந்தான். மாரம்மாவும் வந்தாள். சங்கிலியை அவள் இழுத்தாள், என்னைத் தொட விடவில்லை. லேத் மோட்டாரை இறக்கி மாட்டி, கியர் பாக்ஸ் எண்ணெயை அளவுக்கு வடித்துவிட்டு, பெல்ட்டைப் போட்டு ஓட்டிக் காட்டினான். சத்தம் முன்பு போலவே இருக்கிறது. டிரில்லும் ஓடுகிறது. பிரஸ் மோட்டாரிடம் போனான். அண்ணாந்து பார்த்தான். "இது நல்லா கீது. தண்ணி படல. இதை எறக்க வேண்டியது அண்ணன்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைக் கழுவி அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனான்.

ஓசூர்க்காரரிடம் இருபதாம் தேதிக்கு ஒப்புக்கொள்ளவில்லை. லேத் வேலை இருந்தால் கொடுங்கள், பிரஸ் வேலையைப் பற்றிப் பிறகு சொல்கிறோம் என்றேன். யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டார். போனால் போகட்டும்.

பதினாறாம் தேதி முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். வழியில் எதுவும் சாப்பிடாமல் வராதீர்கள், வயிறு காய்ந்தால் உங்களுக்குத் தலை சுற்றும். நான் மத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போவோம். நீங்கள் கொடுத்ததை நீங்கள் மாற்றிக் கொடுங்கள், நான் கொடுத்ததை நான். என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது. இரண்டு பேரையும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினால் சோறாக்குகிறேன். ஒருவரை மட்டும் அனுப்பினால், அந்த ஒருவர் பட்டறையைத் திறந்து லேத் பெட்டுக்குக் கிரீஸ் போட வேண்டும். ஈரம் இன்னும் போகவில்லை.

மாதேஸ்வரி